நெற்றியில் ஒரு வளையம்

“கண்ணை மூடிக்கோங்க மேடம். எதையும் நினைக்காதீங்க” என்று சொல்லியபடி சுகந்தி பட்டையை என் தலையில் மாட்டி இறுக்குகிறாள். நினைக்காதே என்றதும் நான் நாற்காலியைப் பற்றி நினைக்க ஆரம்பிக்கிறேன். பல் டாக்டரிடம் இருப்பது மாதிரி பின்னால் சாய்கிறது, ஆனால் காலை நீட்டினால் குதிகால் அந்தரத்தில் தொங்குகிறது, இவர்கள் சோதனைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் என்னைவிடக் குள்ளமோ என்னவோ. ஏசியை உச்சந்தலைக்கு நேராக வைத்திருக்கிறார்கள். பட்டையின் நடுவில் இருக்கும் உலோக வில்லை நெற்றியில் சில்லென்று உட்காருகிறது, பழைய எட்டணாக் காசு அளவு இருக்கும். அதன் வழியாகத்தான் மின்சாரம் வரும், ரொம்பக் கொஞ்சமாக, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்று கம்பெனியின் இயக்குநர் ரகோத்தமன் வரும்போதே சொன்னார். காதுகளுக்கு மேலே இருக்கும் இரண்டு முனைகள் மூளையில் நடப்பதைக் கேட்குமாம். கேட்டதை எதிர்ச்சுவரில் உள்ள திரை நீலக் கோடாக வரையும், பக்கத்திலேயே கவனத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மின்சாரம் நிற்காமல் மூளையைத் தட்டிக் கொடுத்துக் கவனத்தை மேலே ஏற்றுமாம். படிக்கிற பிள்ளைகளுக்கு விற்கிற பொருள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, டென்னிஸ் விளையாடுகிறவர்கள் கட்டிக்கொள்கிற துணிப்பட்டை மாதிரி, வெளிர் நீலத்தில். எனக்குக் கண் மூடியிருக்கிறது, அவர்களுக்குத் திறந்திருக்கிறது. ரகோத்தமன், சுகந்தி, விதி வகுக்கும் எங்கள் அரசுக் குழுவில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் பீர்முகமது, மூன்று பேரும் என் மூளையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வாய்த்த மரியாதை இது. காலையில் புடவையை இரண்டு தரம் மாற்றினேன், மூளைக்கு என்ன உடுத்துவது என்று தெரியவில்லை.

எறும்பு வந்துவிட்டது. ரகோத்தமன் பொய் சொல்லவில்லை, ஊர்கிறது, அவ்வளவுதான், சொறிய வேண்டும் போலக்கூட இல்லை. இதனால் ஒரு பெண்ணின் நெற்றி வெந்தது என்று எப்படி எழுதுவேன். சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரில் கோமதி என்ற பிளஸ் ஒன் மாணவி, கோச்சிங் சென்டரில் கொடுத்த இந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஒன்றரை மாதம் படித்தாள். அவள் நெற்றியில் புருவத்துக்குச் சற்று மேலே ஒரு வளையம். கன்றிப்போய், ஓரம் கறுத்து, வட்டமாக. பட்டைதான் சுட்டது என்கிறாள் அவள். பார்த்த டாக்டரோ, சிறிய வளையம் ஒன்றைக் காய்ச்சி வைத்த சூடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சூடு என்ற வார்த்தை வந்ததும் கதை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. படிக்காத பிள்ளைக்கு அம்மா சூடு போட்டாள் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது, போலீஸ் வந்து அந்த அம்மா ஆவுடைச்செல்வியின் கால் மெட்டியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு போனது, அளவு சரியாக இருக்கிறதாம். பிள்ளையைக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். அம்மா பார்க்கக்கூடாது. இன்று சாயங்காலத்துக்குள் நான் சொல்ல வேண்டும், இந்தப் பட்டை இப்படி ஒரு காயத்தை உண்டாக்குமா, உண்டாக்காதா. உண்டாக்காது என்றால் அம்மா சூடு போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். நடுவில் வேறு பதில் கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். நூற்றுக்கணக்கான பேர் தலையில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள், ஒருவருக்கும் சிவக்கக்கூட இல்லை. திரும்பத் திரும்ப என் மனம் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். வில்லை தட்டை. தட்டையான காசு சுட்டால் காசு முழுக்கச் சுட வேண்டும். வளையம் எப்படி வந்தது? நடுவில் தோல் ஏன் பிஞ்சுத் தோல் மாதிரி அப்படியே இருக்கிறது? வளையத்தைச் சுட்டது வளையமாகத்தான் இருக்க வேண்டும். மெட்டிதான். மெட்டியேதான். நானும் அப்படித்தான் நினைக்கிறேனா? கோடு இப்போது எப்படிப் போகிறதோ, பெண்மணி சந்தேகப்படுகிறாள் என்று மேலும் கீழும் குதிக்கிறதோ.

எண்ணங்களைப் படிக்காது. அப்படி நானே எழுதியிருக்கிறேன், வரைவு விதிகளில், இச்சாதனம் அணிபவரின் எண்ணங்களைப் படிக்கவல்லதல்ல என்று. எழுதும்போது எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது, தலையில் மாட்டாமல் எழுதுவதில் உள்ள வசதி அது. இந்தப் பட்டை எங்கள் மேஜைக்கு வந்த கதையே தனி. மருந்துக்காரர்கள் இது மருந்தில்லை என்று தள்ளினார்கள், மின்சாமான் பார்க்கிறவர்கள் இது தலையில் போடுவது, சுவரில் மாட்டுவதில்லை என்று தள்ளினார்கள், பொம்மைக்கு விதி வைத்திருப்பவர்கள் பதினான்கு வயதுக்கு மேல் எங்களுக்குப் பிள்ளைகளே கிடையாது என்றார்கள். கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தியில் மிஞ்சியது விழுகிற மாதிரி எங்கள் இலையில் வந்து விழுந்தது. விதி இன்னும் வரைவுதான், அதற்குள் பட்டை ஊர் ஊராகப் போய்விட்டது. இதில் பதிவாகிற மூளைக்கோடு யாருக்குச் சொந்தம், பிள்ளைக்கா, கோச்சிங்காரருக்கா, கம்பெனிக்கா என்று நாலு கூட்டம் போட்டு டீ குடித்திருக்கிறோம். சூட்டைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசவில்லை, அது சின்ன விஷயம், சார்ஜர் சுடுவதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டோம். ஆவுடைச்செல்விக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, போன் செய்துவிட்டாள். விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்டவர்களோடு பேசக்கூடாது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனை உடனே வைக்கவும் இல்லை. “நான் பெத்த பிள்ளைக்கு நானே சூடு போடுவனாம்மா? ஆசையா நெத்தியில ஒரு முத்தங் கொடுக்கப் போனாக்கூட, ஏ எம்மா, பொட்டு வெலகிரும் தள்ளிப்போன்னு சத்தம் போடுவா. அவ நெத்தியையா நான் சுடுவேன்?” அழவில்லை. சண்டைக்காரி மாதிரிதான் பேசினாள். பழி சுமந்தவள் குரல் அப்படித்தான் இருக்கும், குற்றம் செய்தவள் குரலும் அப்படி இருக்கலாம். குரலை வைத்து என்ன தெரியும். இந்த யோசனைதான் எனக்கு என்மேலேயே பிடிக்காதது, எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவது.

எறும்பு இடம் மாறாமல் அதே இடத்தில் ஊர்கிறது. நெற்றி வெறிச்சென்று இருக்கிறது. அதுதான் வந்ததிலிருந்து உறுத்துகிறது, ஏசியோ நாற்காலியோ இல்லை. உள்ளே வரும்போது சுகந்தி ரொம்பப் பணிவாகச் சொன்னாள், “மேடம், முகத்தை மட்டும் கழுவிட்டு, பொட்டை எடுத்துட்டு வந்துடுறீங்களா? எல்லாரையும் அப்படித்தான் உக்கார வைப்போம், அப்பதான் ரீடிங் சுத்தமா வரும்.” சின்னப் பெண், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பொட்டை எடு என்று என்னிடம் முன்பு ஒருத்தி சொன்னாள், அவர் போன பதினாறாம் நாள், நாத்தனார் பங்கஜவல்லி, பத்துப் பேர் இருக்கும்போது, அண்ணி, இனிமே அந்த ஸ்டிக்கர் எதுக்கு என்று. மறுநாள் வழக்கத்தைவிடப் பெரிதாக ஒன்றை வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். இன்றைக்கு விஞ்ஞானத்துக்காக ஒரு பேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கவில்லை, கழுவுமிடத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தேன், கை தானாகப் போய் ஒட்டியது. அங்கே ஏற்கெனவே எத்தனை பொட்டுகள். கண்ணாடியின் ஓரம் முழுக்க, கறுப்பும் அரக்கும் சிவப்பும், கல் வைத்தது, பாம்பு மாதிரி வளைந்தது, திரும்ப எடுத்துக்கொள்ள மறந்தவர்களுடையது. யார் வீட்டுக் குளியலறையிலும் இருப்பதுதான், என் வீட்டுக் கண்ணாடியிலும் உண்டு, அவர் சவரம் செய்யும்போது தாடையில் ஒட்டிக்கொண்டு சிரித்திருக்கிறார். கம்பெனிக் கண்ணாடியில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சோதனைக்கு வந்த பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து, கழற்றி, ஒட்டிவிட்டு, சுத்தமான நெற்றியோடு இந்த நாற்காலியில் வந்து சாய்ந்திருக்கிறார்கள். எல்லாரையும் அப்படித்தான் உக்கார வைப்போம். எல்லாரையும்.

எல்லாரையும் என்றால் எல்லாரையும். ஒருத்திகூடப் பொட்டோடு உட்காரவில்லை. பொட்டு வெலகிரும் தள்ளிப்போ. அம்மா முத்தம் கொடுக்க வந்தால்கூட விலக்குகிற பெண், வீட்டில் பட்டையைப் போடும்போது பொட்டைக் கழற்றி வைத்தா போட்டிருப்பாள்? எந்தப் பெண் கழற்றுவாள்? குளிக்கப் போகும்போது கழற்றுவோம், படுக்கும்போது கழற்றுவோம், படிக்கும்போது எதற்குக் கழற்ற வேண்டும். அவளுடைய பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் பார்த்திருக்கிறேன், இரட்டைச் சடை, அரக்கு நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர், வில்லையைவிடக் கொஞ்சம் சின்னது. வில்லை அதன்மேல் உட்காரும். ஸ்டிக்கர் வழியாக மின்சாரம் போகாது. சுற்றி மிச்சம் இருக்கும் ஓரம் மட்டும்தான் தோலைத் தொடும், மெல்லிய ஓரம், வட்டமாக, மெட்டி அளவுக்கு. இந்தப் பட்டைக்கு ஒரு பிடிவாதம் உண்டு, தொடும் இடம் குறைந்தாலும் அனுப்ப வேண்டியதை முழுசாக அனுப்பியே தீரும், அதைப் பெருமையாக எங்கள் கூட்டத்திலேயே ரகோத்தமன் விளக்கியிருக்கிறார். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் நிற்பதில்லை, சந்தில் பீறிட்டு முகத்தில் அடிக்கிறது. அதே அளவு, குறுகிய வழி. காசு அகலத்தில் எறும்பாக ஊர்வது நூல் அகலத்தில் சுடும். எனக்கு வியர்க்கிறது. நான் எத்தனை தரம் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தேன், பீர்முகமது பார்த்தார், அந்த ஊர் டாக்டர் பார்த்தார், ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைக்கே தோன்றவில்லை. பொட்டை யாரும் ஒரு பொருளாக எண்ணுவதில்லை, மூக்கு மாதிரி அதுவும் முகத்தில் இருக்கிறது. நெற்றியில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால்கூட ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். சும்மா இரு, கண்ணைத் திறக்காதே, நிஜமாக இப்படித்தானா என்று இன்னொரு தரம் யோசி. ஊகம்தான். ஊகத்தை வைத்து ஒருத்தியை விடுவிக்க முடியாது, ரகோத்தமனின் வக்கீல் அரை நாளில் கிழித்துப் போட்டுவிடுவார்.

மணி அடிக்கிறது. கண்ணைத் திறந்தால் மூன்று முகங்களிலும் புன்னகை. “ரொம்ப அமைதியா இருந்தீங்க மேடம். கோடு குளம் மாதிரி இருந்தது” என்கிறார் ரகோத்தமன். கவனம் நாற்பத்தொன்று என்று திரை சொல்கிறது. தூங்குகிறவளுக்குக்கூட அவ்வளவு போடுமாம். என் ஆயுளில் இவ்வளவு கவனமாக நான் எதையும் யோசித்ததில்லை, அதற்கு நாற்பத்தொன்று, பரவாயில்லை. நான் சுகந்தியைப் பார்க்கிறேன். “உன் பையில பொட்டு அட்டை வச்சிருக்கியாம்மா?” அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைப்பையைத் திறந்து எடுத்துத் தருகிறாள், அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அரக்கு நிறம், வட்டம். ஒன்றை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் சாய்கிறேன். “பட்டையை மாட்டு. பிள்ளைங்களுக்கு எவ்வளவு நேரம் வைப்பீங்களோ அவ்வளவு வை.” ரகோத்தமனின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஓடுகிறது. “மேடம், அப்படி யூஸ் பண்ற பொருள் இல்ல இது. சுத்தமான தோல்மேலதான் வைக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கோம்.” நான் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்கிறேன். “பொட்டு அழுக்கா சார்?” என்று பீர்முகமது கேட்கிறார். அவருக்குப் புரிந்துவிட்டது, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருகிறார். சுகந்தி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு வந்து மாட்டுகிறாள், முதல் தடவையைவிட மெதுவாக.

திரையில் பச்சை விளக்கு, தொடுகை நன்று என்று. அப்படியென்றால் அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. முதலில் எறும்பு ஊரவில்லை, ஒன்றுமே இல்லை, நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன், சாயங்காலம் என்ன எழுதுவேன், ஆவுடைச்செல்வியின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை, அவள் கால் விரலில் மெட்டி இருந்த இடம் வெளுத்திருக்கும். பிறகு சுருக்கென்கிறது. ஊசி மாதிரி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு அவை கைகோத்துக்கொண்டு சுற்றி வருகின்றன. மிளகாய் அரைத்த கையை மறந்துபோய் முகத்தில் வைத்த எரிச்சல். கை தானாக மேலே எழுகிறது, நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். இதை ஏன் அந்தப் பெண் கழற்றி எறியவில்லை? நான் அரசாங்கத்து ஆள், எனக்குக் காயம் வேண்டும், நான் பொறுக்கிறேன், அவளுக்கு என்ன? “பாத்தீங்களா மேடம், ஒண்ணும் ஆகல” என்று ரகோத்தமனின் குரல் தெளிகிறது, “கவனம் ஏறுது பாருங்க. எழுபத்தெட்டு. எண்பத்தஞ்சு. நம்பவே முடியல, தொண்ணூத்தி மூணு!” நிமிர்ந்து பார்க்கிறேன். ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எரிகிற இடத்தைத் தவிர என் மனதில் வேறு ஒன்றும் இல்லை, நாற்காலி இல்லை, நாத்தனார் இல்லை, விதிகள் இல்லை, அந்த ஒரு வளையம் மட்டும்தான் இருக்கிறது. இயந்திரத்துக்கு அது போதும். வலிக்கும் படிப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கோச்சிங் ஆசிரியர் கொடுத்த வாக்குமூலம் ஞாபகம் வருகிறது, பட்டைமேல் ஒரு குறையும் இல்லை, கடைசி வாரம் கோமதிதான் கவனத்தில் வகுப்பிலேயே முதல், எல்லாரும் அவளுக்குக் கைதட்டினோம் என்று. கழற்றினால் மார்க் விழுந்துவிடும். அதனால் கழற்றவில்லை. கைதட்டியிருக்கிறார்கள், அவள் வெந்துகொண்டிருக்கும்போது.

“போதும் மேடம், சிவந்து வெளியில தெரியுது” என்று சுகந்தி அழாத குறையாகச் சொல்கிறாள். பீர்முகமது அவளுக்காகக் காத்திருக்காமல் தானே பட்டையைக் கழற்றுகிறார். விரல் நுனியால் பொட்டை உரித்து எடுக்கிறார். “வளையம்தான் மேடம்” என்கிறார். பிறகு ரகோத்தமனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்கிறார். ரகோத்தமன் பார்த்துவிட்டுத் திரையை அணைக்கப் போகிறார், அணைக்க வேண்டாம் என்கிறேன். தொண்ணூற்றாறில் நிற்கிறது. “சங்கரன்கோவிலுக்கு நானே பேசுறேன் டாக்டர், இன்னைக்கே அந்தப் பிள்ளைய அவ அம்மாகிட்ட விடச் சொல்லி” என்கிறேன், என் குரல் ஆபீஸ் குரலாகத்தான் இருக்கிறது. அவர் தலையாட்டுகிறார். குனிந்து, நெற்றியைத் தொடாமல், “வலிக்குதா மேடம்?” என்று கேட்கிறார். எந்த டாக்டரும் கேட்கிற கேள்வி. கோமதியிடம் போலீஸ் கேட்டது, காப்பகத்தில் கேட்டது, எங்கள் குழு கேட்டது, எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். யார் வைத்தது, எதை வைத்தது, அம்மாவுக்குப் பயந்து சொல்கிறாயா, எப்போது பார்த்தாய். இந்தக் கேள்வி அதில் எங்கேயும் இல்லை, நானும் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிறது, துடைக்கத் தோன்றவில்லை, யார் பார்த்தால் என்ன.

“வலிக்குது டாக்டர்” என்கிறேன். “அதையும் எழுதிக்கோங்க.”